ஆறு அணிகளின் உள்ளூர்க்காரி

மார்லிஸ் ருஸ்காவின் அண்ணன் வெர்லின் மார்ச் மாதத்தில் இறந்தபோது, வீட்டிலிருந்த கேபிள் இணைப்பும் அவரோடு சேர்ந்து போய்விட்டது. இரண்டு சாவுக்கும் உள்ள தொடர்பைக் கேபிள் நிறுவனத்து ஆள்தான் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்.

"நியூ டாபர் ஊருக்கு நாங்க கேபிள் குடுக்கறத நிறுத்தி வருஷக்கணக்காச்சு மேடம். பழைய வாடிக்கையாளருங்க மட்டும் அவங்க ஆயுசு வரைக்கும் வச்சுக்கட்டும்னு விட்டிருந்தோம். உங்க அண்ணனோட ஆயுசு முடிஞ்சிருச்சுன்னு இப்ப நீங்களேதான் சொல்றீங்க."

"நான் அதே வீட்லதானே இருக்கேன்? அதே ஒயருதானே?"

"ஒயரு இருக்குதுங்க. நீங்களும் இருக்கீங்க. கணக்குதான் இல்ல. எங்க ஆழ்ந்த அனுதாபங்கள்."

அனுதாபம் அண்ணனுக்கா, இணைப்புக்கா என்று மார்லிஸ் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முப்பது ஆண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் எத்தனை கூச்சல் நடந்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அந்த வேலையில் வந்தது.

துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் இரண்டு வாரம் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நூடுல்ஸும் கோழியும் சீஸும் போட்டு வேகவைத்த அகலப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் திருப்பிக் கொடுக்க வேண்டியவரின் பெயர் ஒட்டியிருந்தது. மார்லிஸ் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். அதோடு வருகையும் நின்றது. ஏப்ரல் வந்தது. பேஸ்பால் பருவம் தொடங்கியது.

அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஒரே வீட்டில் இருந்தார்கள், பகலில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாலை ஏழு மணிக்கு பார்ஜ்மென் அணியின் ஆட்டம் தொடங்கினால்தான் அந்த வீட்டுக்கு நாக்கு முளைக்கும். வெர்லின் நடுவரைத் திட்டுவார். பந்து வீசுபவனை, அவனுக்குப் பயிற்சி கொடுத்தவனை, அவனைப் பெற்றவளை என்று வரிசையாகப் போவார். மார்லிஸ், "அவ என்ன பண்ணா பாவம்" என்று பெற்றவளுக்காக மட்டும் பரிந்து பேசுவாள். நடுவே வர்ணனையாளர் கிழவர் தன் சின்ன வயதுக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். ஆண்டில் ஏழு மாதம் இப்படி ஓடிவிடும். மீதி ஐந்து மாதத்தை எப்படியோ தள்ளுவார்கள்.

வானொலியில் கேட்கலாமே என்று தேவாலயத்தில் பாதிரியார் யோசனை சொன்னார். அந்த அலைவரிசையை யாரோ வாங்கிவிட்டார்கள். அதில் பகல் முழுக்கப் பன்றி விலையும், மாலை முழுக்க மனந்திரும்ப அழைப்பும் வந்துகொண்டிருந்தன. கூரையில் ஆன்டெனா வைத்துப் பார்த்தாள். அதிலும் பன்றி விலை வந்தது, இம்முறை படத்தோடு.

அப்போதுதான் மத்திய சமவெளி விளையாட்டு ஒளிபரப்புக் கழகத்தின் விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. 'கேபிளே வேண்டாம்! ஒவ்வொரு அணியும், ஒவ்வொரு ஆட்டமும், உங்கள் வீட்டுக்கே!' மார்லிஸ் பணம் கட்டிச் சேர்ந்தாள். நூலகத்தில் வேலை செய்யும் பெண் வீட்டுக்கு வந்து செயலியைத் தொலைக்காட்சியில் ஏற்றிக் கொடுத்தாள். அன்று மாலை மார்லிஸ் ரொட்டியும் பன்றி இறைச்சியும் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்ஜ்மென் ஆட்டத்தை அழுத்தினாள். திரை நீலமானது. வண்ணக் காகிதத் துணுக்குகள் மேலிருந்து கீழே உதிர்ந்தன.

'வாழ்த்துகள்! நீங்கள் உள்ளூர் ரசிகர்! ஆகவே இந்த ஆட்டம் உங்களுக்குக் காட்டப்படாது.'

ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று மறுபடி அழுத்தினாள். மறுபடி வாழ்த்தினார்கள். வேறு ஆட்டம் ஒன்றை அழுத்தினாள், அதிலும் வாழ்த்து. அடுத்ததிலும் வாழ்த்து. ரொட்டி ஆறிப்போகும்வரை வாழ்த்து வாங்கினாள்.

மறுநாள் கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். 'ரசிகர் ஆனந்தப் பிரிவு' என்று ஒரு பிரிவு இருந்தது. பிரென்ட் டாலிவர் என்ற அலுவலர் பேசினார். குரலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

"முகவரி சொல்லுங்க மேடம்... நியூ டாபர், அயோவா. அடேயப்பா! மேடம், நீங்க எவ்வளவு அதிர்ஷ்டசாலின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சில பேருக்கு ஒரு அணிதான் உள்ளூரு. பாவம், சில பேருக்கு அது கூட இல்ல. உங்களுக்கு ஆறு! ஆறு அணிக்கு நீங்க உள்ளூரு!"

"எங்க ஊர்ல ஒரு அணியும் இல்லையே தம்பி. தானியக் கிடங்கும் ஒரு பெட்ரோல் பங்கும்தான் இருக்கு. பார்ஜ்மென் ஆடற போர்ட் லாரலுக்கே காலைல கிளம்புனா மத்தியானம் ஆயிடும். வடக்க இருக்கற அணிய நான் கண்ணால கூட பார்த்ததில்ல."

"ஆனா அவங்க உங்கள தங்கள்ல ஒருத்தரா நினைக்கறாங்க. ஆறு பேரும் உரிமை கொண்டாடறாங்க."

"உரிமை கொண்டாடறவங்க ஆட்டத்த காட்ட வேண்டியதுதானே?"

பிரென்ட் பெருமூச்சு விட்டார். சின்னப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லித்தருகிற குரலில் தொடங்கினார். "மேடம், உள்ளூர் ஆட்டத்த உள்ளூர்க்காரங்களுக்குக் காட்டற உரிமை உள்ளூர் கேபிளுக்கு மட்டும்தான் இருக்கு."

"உள்ளூர்ல கேபிள் இல்ல தம்பி."

"அது கேபிளோட பிரச்சன மேடம். அதுக்காக நாங்க அவங்க உரிமைய மீற முடியுமா? உங்க வீட்ல யாரும் இல்லாதப்ப வேற ஒருத்தர் வந்து உட்கார்ந்தா நீங்க ஒத்துக்குவீங்களா?"

மார்லிஸ் அடுத்திருந்த வெர்லினின் நாற்காலியைப் பார்த்தாள். யாராவது வந்து உட்கார்ந்தால் தேவலாம் என்றுதான் தோன்றியது.

"நான் என்னதான் பண்ணட்டும்?"

"மைதானத்துக்கு வாங்க மேடம்! உள்ளூர்க்காரங்க நேர்ல வந்து பாக்கணும்கிறதுதான் எங்க கொள்கையே."

போனாள். மே மாதத்தில் ஒரு நாள் கருக்கலில் எழுந்து, வயல்களுக்கு நடுவே தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு போர்ட் லாரல் சேர்ந்தாள். மைதானம் தொலைக்காட்சியில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது, ஆட்டக்காரர்கள் மிகச் சின்னதாகத் தெரிந்தார்கள். பக்கத்தில் கணவன் மனைவி இருவர் தொடக்கம் முதல் முடிவு வரை தங்கள் சமையலறைக்கு எந்த நிற ஓடு பதிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வர்ணனை இல்லை. கிழவரின் குரல் இல்லாமல் பந்து ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போயின. நான்காவது இன்னிங்ஸில் நடுவர் கண் தெரியாமல் ஒரு தீர்ப்பு சொன்னார். மார்லிஸ் தன்னையறியாமல் எழுந்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு!" என்று கத்திவிட்டாள். அது வெர்லினின் வசனம். சொன்ன பிறகு, வீட்டில் வழக்கமாக மறுபேச்சு வரும் இடத்தில் ஒரு நிமிடம் காத்திருந்தாள். ஓடு பதிப்பவர்கள் தங்கள் பையைச் சற்று அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

நாற்பதாயிரம் பேர் நடுவே இருப்பதற்கு வீடே மேல் என்று அவளுக்குப் பட்டது. வெளியே வரும் வழியில் 'உங்கள் குரல் எங்கள் செவி' என்று பலகை மாட்டிய கழகக் கூண்டு ஒன்று இருந்தது. வந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று நின்றாள். உள்ளே இருந்த பெண் முகவரியைத் தட்டினாள். கணினியைப் பார்த்தாள், மார்லிஸைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் இங்க வாங்களேன். ஆறு காட்டுது."

மேலாளர் ஓடி வந்தார். "ஆறா? நிஜமாவே ஆறா? ஏதோ கதைன்னு நினைச்சேன். இப்படி ஒருத்தர நாங்க நேர்ல பார்த்ததே இல்லையே!" மார்லிஸின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவளுடைய குறையை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமும் இல்லை, வரிசையாக ஊழியர்கள் படம் எடுத்துக்கொள்ள வந்துகொண்டிருந்தார்கள்.

ஜூன் கடைசியில் பிரென்ட் டாலிவரே கூப்பிட்டார். கழகத்தின் 'ஆண்டின் தலைசிறந்த உள்ளூர் ரசிகர்' விருதுக்கு மார்லிஸ் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தின் நடுவில் விழா. "தலைவரே வர்றார் மேடம். நேரடி ஒளிபரப்பு. உலகமே பாக்கும்."

"எங்க ஊர்ல தெரியுமா?"

"உங்க ஊர்ல தெரியாது மேடம். அதுக்குத்தானே விருது."

விழா நாளில் அவளை நட்டநடுப் புல்வெளியில் நிறுத்தினார்கள். ஆறு அணிகளின் பொம்மை வேடக்காரர்களும் வரிசையாக வந்து கட்டிப் பிடித்தார்கள். ஒரு கெளுத்தி மீன், ஒரு காட்டெருமை, ஒரு சோளக்கதிர், என்னவென்று தெரியாத மூன்று. மார்ச்சில் இறுதிச் சடங்கன்று பாதிரியார் தோளைத் தட்டியதற்குப் பிறகு அவளை மனிதர் யாரும் தொட்டிருக்கவில்லை. சோளக்கதிருக்கு உள்ளே இருந்தவன் வியர்வை நாற்றத்தோடு கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தான். மார்லிஸுக்கு விடச் சொல்லத் தோன்றவில்லை.

கழகத் தலைவர் கான்ராட் ஸ்ட்ரீட்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். வெள்ளி முடி, நல்ல உயரம், பேசும்போது தன் குரலைத் தானே ரசித்துக் கண்ணை மூடிக்கொள்கிறவர்.

"நண்பர்களே! எங்கள பாத்து சில பேர் கேக்கறாங்க, உள்ளூர் ரசிகர்களுக்கு ஏன் காட்டறதில்லன்னு. நான் கேக்கறேன், அன்புன்னா என்ன? டோக்கியோல இருக்கறவனுக்கு நாங்க காட்டறோம். ஏன்? அவன் மேல எங்களுக்கு எந்த அக்கறையும் இல்ல. அவன் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன! ஆனா இந்த அம்மா அப்படியில்ல. இவங்க எங்களவங்க. நம்மவங்ககிட்ட எதையாவது சும்மா குடுப்போமா? இவங்க வருஷம் முழுக்க பாக்காமலே இருந்தாங்க. பாக்காமலே விசுவாசமா இருந்தாங்க. ஆட்டத்த பாத்துட்டு ரசிகரா இருக்கறதுல என்ன பெரும இருக்கு? எவனும் இருப்பான். பாக்காம ரசிகரா இருக்கறவங்கதான் எங்க கழகத்தோட எதிர்காலம். ஒரு நாள் வரும். எல்லாரும் பணம் கட்டுவாங்க, ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அந்தப் பொன்னான நாளுக்கு இந்த அம்மாதான் விடிவெள்ளி!"

நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். பரிசாக, பெரிய அட்டையில் எழுதி, கழகச் செயலிக்கு ஆயுட்கால உறுப்பினர் உரிமை தந்தார்கள். அட்டை காரின் பின்னிருக்கையில் நுழையவில்லை. கூரையில் கட்டி, வேகமாகப் போனால் பறந்துவிடுமென்று மெதுவாக ஓட்டிக்கொண்டு ஊர் வந்தாள்.

மறுநாள் மாலை சமையலறைத் தொலைபேசி மணியடித்தது. அந்த எண்ணைக் கேபிள்காரரையும் கழகத்தையும் தவிர யாரும் கூப்பிடுவதில்லை.

"அக்கா?"

மார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று. தங்கை ஆர்டிஸ் கீத் என்ற ஆஸ்திரேலியனைக் கட்டிக்கொண்டு, உலகத்தின் அடிவிளிம்பில் இருக்கும் டாஸ்மேனியாவுக்குப் போனவள். போன புதிதில் வெர்லின் தொலைபேசியில் அவளை ஒரு வார்த்தை சொன்னார். அவள் திருப்பி இரண்டு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். வெர்லின் இறந்த செய்திக்குப் பூ அனுப்பியிருந்தாள்.

"ஆர்டிஸ்! என்னடி, என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கே?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். உனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. நேத்து காலைல டீயும் கையுமா பார்ஜ்மென் ஆட்டத்த போடறேன், நட்டநடு மைதானத்துல நீ நிக்கற. ஒரு மீனு உன்ன கட்டிப் பிடிச்சிட்டிருக்கு!"

"கெளுத்தி மீனு" என்றாள் மார்லிஸ்.

"என்ன மீனா இருந்தா என்ன? தலை பூரா இப்படி நரைச்சுப் போச்சே அக்கா உனக்கு."

"உனக்கு நரைக்கலையா?"

"நான் சாயம் பூசறேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே நிற்பதென்று தெரியாமல் கொஞ்சம் அதிகமாகவே போனது.

"நீ எப்படிடி பார்ஜ்மென் பாக்கறே?"

"எத்தன வருஷமா பாக்கறேன். அண்ணன்கூடத்தான் சண்ட. பார்ஜ்மென் என்ன பாவம் பண்ணாங்க? இங்க எல்லா ஆட்டமும் வரும். நாங்கதான் யாருக்கும் உள்ளூரு இல்லையே. கீத் இருந்தவரைக்கும் கிண்டல் பண்ணுவார், இந்தக் குச்சியாட்டத்துல என்ன இருக்குன்னு."

"இருந்தவரைக்குமா?"

"அவர் போய் நாலு வருஷமாச்சு அக்கா."

"எனக்குச் சொல்லவே இல்லையேடி."

"வாழ்த்து அட்டைல அதுக்கு இடமில்ல."

தன் வீட்டில் எட்டு மணி ஆகப்போகிறது, அங்கே என்ன மணி என்று மார்லிஸ் கேட்டாள். மறுநாள் காலை பதினொன்று என்றாள் ஆர்டிஸ். பிறகு தானாகவே, "ஆட்டம் ஓடிட்டிருக்கு, கேக்கறியா?" என்றாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. ஆட்டம் உள்ள நாளெல்லாம் ஏழு மணிக்கு ஆர்டிஸ் கூப்பிடுவாள். மார்லிஸ் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிப்பாள். ஆர்டிஸுக்கு வர்ணனை இயல்பாக வந்தது. ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவள் வாயில் நிற்காது. பட்டப்பெயர்தான் வைத்திருந்தாள். "கோணக்கால் வந்துட்டான்... பந்து வருது... விட்டான்! சவத்த, ஈ ஓட்டறான்க்கா அவன். அடுத்து நம்ம குண்டன். குண்டன் அடிச்சான்! ஓடறான்... ஓடறான்னு சொல்லக்கூடாது, நகர்றான்..." திட்டுகிறபோது அப்படியே வெர்லின். அதை மார்லிஸ் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஆட்டம் இல்லாத நாட்களில் இருவரும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. ஆட்டத்தைத் தவிர வேறெதற்கும் பேசலாமா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆகஸ்டில் பிரென்ட் டாலிவர் ஆனந்த நிலவரம் அறியக் கூப்பிட்டார். விருதாளர்கள் ஆனந்தமாக இருக்கிறார்களா என்று காலாண்டுக்கொருமுறை உறுதி செய்வது அவர் வேலை.

"ரொம்ப ஆனந்தமா இருக்கேன் தம்பி" என்றாள் மார்லிஸ். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்ல வேறு ஆளும் இல்லை. "தினமும் ஆட்டம் கேக்கறேன். எங்க தங்கச்சி டாஸ்மேனியால இருந்து பாத்து பாத்து சொல்றா."

மறுமுனையில் சர்க்கரை கரைந்துபோனது. "மேடம்... விவரிக்கறாங்களா?"

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் கழகம் ஒரு வாசகம் படிப்பது வழக்கம். கழகத்தின் முன் அனுமதியின்றி இந்த ஆட்டத்தின் படத்தையோ விவரிப்பையோ யாரும் யாருக்கும் தரக்கூடாது. உலகத்தில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொள்வதற்கென்று கழகத்தில் ஒரு பிரிவே இருந்தது மார்லிஸுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரமே பிரென்டும், அனுமதியற்ற விவரிப்புத் தடுப்புப் பிரிவின் சட்ட அதிகாரி மிஸ் பென்ரோஸும் நேரில் வந்தார்கள். பிரென்ட், மார்லிஸ் நினைத்ததைவிட வயதில் சின்னவர், வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. மிஸ் பென்ரோஸ் சிரிப்பதை வேலை நேரத்தில் செய்யாதவர். அவர் போய் வெர்லினின் நாற்காலியில் உட்கார்ந்தார். மார்ச்சுக்குப் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அது பழையபடி முனகியது. மார்லிஸ் காபியும் உலர்பழம் வைத்த பன்னும் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளி வந்து நாளாகிவிட்டதால் பன் கொஞ்சம் அதிகமாகவே செய்திருந்தாள்.

"நடக்கற குற்றத்த நடக்கறபடியே நாங்க கேக்கணும்" என்றார் மிஸ் பென்ரோஸ். "தங்கச்சி கூப்பிடும்போது வழக்கம்போல பேசுங்க."

ஏழு மணிக்கு மணியடித்தது. "ஆர்டிஸ், இங்க கழகத்துலேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்கடி" என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். ஒளித்துவைக்க அவளுக்கு வராது.

"வரட்டுமே, எனக்கென்ன! உங்க ஊரு கேசுக்கு என்னப் பிடிக்க கப்பல்ல வருவாங்களா? கேளு. ரெண்டு அவுட். மூணாவது பேஸ்ல குண்டன் நிக்கறான், உள்ள வந்து சேந்தான்னா நமக்கு ஒரு ரன்னு, மூச்சு வாங்கறான்."

"குண்டன்ங்கறது விவரிப்பா, கருத்தா?" என்று மிஸ் பென்ரோஸ் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கருத்து மேடம்" என்றார் பிரென்ட்.

"மூச்சு வாங்கறது?"

"அது விவரிப்பு."

"கோணக்கால் மட்டையத் தூக்கிட்டான்" என்றாள் ஆர்டிஸ். "பந்து வருது... அய்யோ! அய்யய்யோ!"

அதற்கு மேல் தொலைபேசியில் சத்தமில்லை. கம்பியில் கடல் இரைவது போல ஓர் இரைச்சல். மார்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். மிஸ் பென்ரோஸ் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"என்னாச்சு?" என்று பிரென்ட் கத்தினார். "குண்டன் வந்துட்டானா? சொல்லுங்கம்மா, அவுட்டா?"

"வந்துட்டான்! வயித்தால வழுக்கிட்டு வந்து சேந்துட்டான்!"

பிரென்ட் எழுந்து குதித்தார். காபி கொட்டியது. பிறகு மிஸ் பென்ரோஸின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "மன்னிச்சிருங்க மேடம். இந்த வேலைல சேந்ததுலேர்ந்து ஒரு ஆட்டம்கூட பாத்ததில்ல. வீடு இதே அயோவால, டெமாய்ன்ல. எனக்கும் ஆறு."

மிஸ் பென்ரோஸ் இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டார். "ஆதாரம் முழுமையா இருக்கணும்" என்றார். "கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் இருந்து கேட்டுட்டுத்தான் போகணும்."

இருந்து கேட்டார்கள். பன் தீர்ந்துபோனது. அந்த வீட்டில் நாலு குரல் ஒரே நேரத்தில் நடுவரைத் திட்டியது அன்றுதான். வாசலில் நின்று விடைபெறும்போது மிஸ் பென்ரோஸ் மார்லிஸின் கையைக் குலுக்கி, "குற்றம் ரொம்ப நல்லா இருந்தது" என்றார். பிறகு போய்க் கடமையைச் செய்தார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பிரென்ட் கூப்பிட்டார். குரல் அடங்கியிருந்தது.

"முடிவு வந்திருச்சு மேடம். தலைவரே எடுத்த முடிவு. உங்க மேல நடவடிக்கை கிடையாது. தலைசிறந்த உள்ளூர் ரசிகர தண்டிச்சா நல்லா இருக்காதுன்னுட்டார்."

"ஆர்டிஸ் மேல?"

"அவங்க மேலயும் இல்ல. தலைவர் என்ன சொல்றார்னா, உள்ளூர்ங்கறது மண்ணு இல்ல, மனசுங்கறார். அந்த அம்மா எங்க இருந்தாலும் அவங்க மனசு நியூ டாபர்ல இருக்கு. தினமும் சாயங்காலம் உங்க சமையலறைலதான் இருக்காங்க. அப்ப நியாயமா அவங்க உள்ளூர்க்காரங்க. அதனால டாஸ்மேனியால அவங்க வீட்ட... அந்த ஒரு வீட்ட மட்டும்... ஆறு அணிக்கும் உள்ளூரா அறிவிச்சுட்டோம்."

மார்லிஸுக்கு உடனே விளங்கவில்லை. "அப்படின்னா?"

"இனிமே அவங்களுக்கும் ஆட்டம் தெரியாது மேடம்." பிறகு, "என்னால முடிஞ்சத சொல்லிப் பாத்தேன். அந்தப் பன்னு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று மாலை ஏழு மணி ஆயிற்று. மார்லிஸ் உருளைக்கிழங்கை எடுக்கவில்லை. கூப்பிடுவதற்கு ஆர்டிஸுக்கு இனிக் காரணம் இல்லை. அக்கா தங்கை இருவரும் காரணமில்லாமல் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் என்றுமே இருந்ததில்லை. பக்கத்துத் தானியக் கிடங்கில் லாரிகள் வந்து போகிற சத்தம் கேட்டது. ஏழேகால் ஆனது. விளக்கைப் போட எழுந்தவள் போடாமலே உட்கார்ந்தாள்.

ஏழரைக்கு மணியடித்தது.

"அக்கா, என் டிவி நீலமாயிடுச்சு. மேலேர்ந்து காகிதமெல்லாம் கொட்டுது. வாழ்த்துகள்னு போடறான். நான் உள்ளூர்க்காரியாம்."

"தெரியும்டி. சொன்னாங்க."

"பத்து தடவ அழுத்திட்டேன். பத்து தடவையும் உள்ளூர்ங்கறான்." ஆர்டிஸ் சிரிக்கத் தொடங்கினாள். "முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், கடைக்காரன் இன்னும் எந்த ஊருன்னு கேக்கறான். அங்க வரலாம்னா அண்ணன் வராதேன்னுட்டான். இப்ப இவன் ஒருத்தன்தான்..." சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. மார்லிஸ் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அழுகிறவளுக்கு இத்தனை தூரத்திலிருந்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பேருந்தில் பிள்ளைகள் அழுதால் ஓரமாக நிறுத்திவிட்டு, அழுது முடிக்கும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பாள். அதையே செய்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"ஆட்டம் எதுவும் தெரியல. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"பரவால்ல. வைக்காத."

இருவரும் வைக்கவில்லை. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது, கூரையில் விழுவது இங்கே கேட்டது. கெட்டில் கொதிக்கிற சத்தம், கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம். போர்ட் லாரலில் அந்நேரம் யாரோ அடித்தார்கள், யாரோ ஓடினார்கள். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றிருப்பார்கள். இரண்டு உள்ளூர்க்காரிகளுக்கும் எதுவும் தெரியாது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்திருக்கும் என்று தோன்றுகிற நேரத்தில் ஆர்டிஸ், "சரி, நாளைக்கு" என்றாள்.

"நாளைக்கு ஆட்டம் இல்லையேடி" என்றாள் மார்லிஸ்.

"தெரியும்" என்றாள் ஆர்டிஸ்.